ஊத்திராப்பட்டிக் கல்

மாரிச்செல்வத்துக்கு ஒன்பது வயதிருக்கும்போது அவன் அப்பா சோணைமுத்துவின் முன்பற்கள் நான்கு போயின. மாரி அதைப் பக்கத்தில் நின்று பார்த்தான்.

கோவில் திருவிழா அழைப்பிதழை மேலத்தெருக்காரர்கள் மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஊர்ப் பெயர் 'உத்தரபுரி' என்று அச்சாகியிருந்தது. தெற்குத்தெரு ஆட்களோடு ஓரமாக நின்ற சோணைமுத்து, நம்ம ஊர் ஊத்திராப்பட்டியாச்சே, உத்தரபுரி எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டார். கேலியாகக்கூடக் கேட்கவில்லை. தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவன் எழுந்து வந்து அரிவாளின் பிடியால் அவர் வாயில் ஒரே போடு போட்டான். ரத்தம் அழைப்பிதழ்க் கட்டின் மேல் தெறித்தது. அழைப்பிதழைக் கெடுத்துவிட்டான் என்று அதற்காகவும் நாலு மிதி விழுந்தது.

திருச்சுழியிலிருந்து நரிக்குடிக்குப் போகும் ரோட்டை விட்டு உள்ளே ஒதுங்கிய ஊர் அது. கண்டக்டர்களும் ஊர்க்காரர்களும் ஊத்திராப்பட்டி என்பார்கள். ரேஷன் கார்டில் ஊற்றுப்பட்டி. சர்வே கல்லில் பழைய இங்கிலீஷ் எழுத்தில் வேறு ஏதோ. உத்தரபுரி என்ற பெயர் கோவில் கமிட்டித் தலைவர் கோட்டைச்சாமி கொண்டுவந்தது. திருச்சுழியில் சிவபெருமான் சூலத்தை ஊன்றிப் பிரளய வெள்ளத்தைச் சுழித்துப் பூமிக்குள் இறக்கினார் அல்லவா, அந்த வெள்ளத்தின் வடகரை இங்கேதான் நின்றது, அதனால் உத்தரபுரி என்று அவர் ஒரு தலபுராணம் எழுதி வாங்கி, புத்தகமாகவும் போட்டிருந்தார். ஊர் எல்லையில் அந்தப் பெயரோடு ஒரு வளைவு கட்டிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

மாரி வளர்ந்து ஜேசிபி டிரைவரானான். அருப்புக்கோட்டையில் ஒருவரிடம் வண்டி ஓட்டினான். நாகஜோதியைக் கல்யாணம் செய்துகொண்டு சொந்த ஊரிலேயே இருந்தான். ஊர்ப் பெயரைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. அப்பா கஞ்சி குடிக்கும் விதத்தைத் தினமும் பார்த்தவனுக்கு அதில் ஒன்றும் ஆச்சரியமில்லை.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது சித்திரையில் ஊருணியைத் தூர்வாரும் வேலை அவன் ஊருக்கே வந்தது. மூன்றாம் நாள் காலை, கிழக்குக் கரையோரம் பக்கெட் ஒரு பலகைக்கல்லைத் தூக்கியது. ஓர் ஆள் உயரம். கையில் வாளோடு ஒருவன், அவன் நெஞ்சிலும் தொடையிலும் அம்புகள், காலடியில் இரண்டு மாடுகள். தலைக்கு மேலே வளைவளைவாக எழுத்து. கல்லின் அடிப்பாகம் உடைந்திருந்தது. அந்த அடிப்பாகம் எங்கே என்று தெற்குத்தெருவில் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் உதிரையா என்று பொங்கல் வைத்துக் கும்பிட்ட மொட்டைக்கல் கரைமேல் நின்றது. அதைக் குழிக்குள் தூக்கிவந்து பொருத்திப் பார்த்தார்கள். பொருந்தியது. கிழவர்கள் உட்பட எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள்.

நாகஜோதியின் தங்கை அருப்புக்கோட்டைக் கல்லூரியில் படித்தாள். அவள் சொல்லி, தமிழ்ப் பேராசிரியை ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் மறுநாளே வந்தார். பக்கத்திலிருக்கும் வீரசோழன் என்ற ஊர்க்காரர். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றி எடுத்து, வெயிலில் குந்தியபடியே இரண்டு மணி நேரம் வாசித்தார். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய வட்டெழுத்து என்றார். ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவர்களை மறித்துச் சண்டையிட்டு இந்த ஆள் செத்திருக்கிறான். பெயர் இருந்த இடம் சிதைந்துவிட்டது. அவன் பிள்ளைகள் பிழைப்பதற்காகக் குளத்துக்குக் கீழ்ப்புறம் இருந்த நிலத்தை ஊரார் எழுதி வைத்திருக்கிறார்கள்.

"அப்படி ரத்தம் சிந்துனவன் குடும்பத்துக்கு விடுற நிலத்துக்கு உதிரப்பட்டின்னு பேரு, தம்பி. அதான் உங்க ஊரு. வாயில பொரண்டு பொரண்டு ஊத்திராப்பட்டி ஆயிருச்சு. வெள்ளக்காரன் காதுல விழுந்தபடி அவன் எழுத்துல எழுதுனான். பொறவு நம்ம கிளார்க்கு ஒருத்தரு அதத் தமிழாக்குறேன்னு ஊற்றுப்பட்டி ஆக்கிட்டாரு."

ஊற்று என்று ஒன்று அந்த ஊரில் எந்தக் காலத்திலும் கிடையாது. நூறடிக்குக் கீழேயும் உப்புத் தண்ணீர்தான். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். உங்க ஊருக்கும் இப்படி ஏதாவது உண்டா என்று நாகஜோதி கேட்டாள். எங்கள் ஊர்ப் பெயர் சோழ ராஜாவின் பட்டப்பெயர், அதைப் போட்டுத்தான் நாங்கள் நிக்காஹ் பத்திரிகை அடிக்கிறோம் என்று பேராசிரியை சொன்னார்.

சோணைமுத்து மட்டும் சிரிக்கவில்லை. குளத்துக்குக் கீழ்ப்புறம் என்ற சொல்லிலேயே அவர் நின்றுவிட்டார். அந்தப் பதினோரு ஏக்கரும் கோட்டைச்சாமி வீட்டு நிலம். அதில் கூலிக்குக் களையெடுத்தே தெற்குத்தெருவின் நாலு தலைமுறை முதுகு வளைந்திருந்தது.

சாயங்காலமே மாரிக்கு ஆள் வந்தது. கோட்டைச்சாமி கோவில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார், அதுவே மாரிக்குப் பயமாக இருந்தது.

"ஏலே மாரி, அது செத்தவனுக்கு நட்ட கல்லு. கும்பாபிசேகம் வாற நேரத்துல எழவுக் கல்லு வெளிய கெடக்கலாமா? நாளைக்குக் காலைல பக்கெட்டால ரெண்டு தட்டுத் தட்டி உள்ளயே போட்டு மூடிரு."

"எங்க சாமிங்கய்யா அது."

"நான் கேக்கல. சொல்றேன்."

மாரி எழுந்து வந்துவிட்டான். வீட்டில் அப்பாவிடம் சொன்னான். போட்டு மூடிவிட்டு வேறு ஊர் வேலைக்குப் போய்விடு என்றார் அவர். நாகஜோதியும் அதையே சொன்னாள். சரி என்றுதான் படுத்தான்.

காலை எட்டு மணிக்கு வண்டியைக் குழிக்குள் இறக்கினான். கல்லுக்கு நேரே பக்கெட்டைத் தூக்கினான். அந்த ஆளின் நெஞ்சில் நின்ற அம்புகள் கண்ணாடி வழியாகத் தெரிந்தன. லீவரைப் பிடித்த கை நகரவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தான் என்று அவனுக்குத் தெரியாது. தலையை நிமிர்த்தியபோது ஏழு பேர் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவன் கோட்டைச்சாமியின் மகன் ராஜபாண்டி. தொடக்கப்பள்ளியில் மாரியோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். கையில் கடப்பாரை. பின்னால் வந்தவனிடம் சம்மட்டி.

மாரியைக் காலைப் பிடித்து கேபினிலிருந்து இழுத்தார்கள். தாடை படியில் மோதியது. ராஜபாண்டியின் கடப்பாரை இடது தோளில் இறங்கியபோது எலும்பு முறிந்த சத்தம் மாரியின் காதுக்குள்ளேயே கேட்டது. முதுகிலும் இடுப்பிலும் உதை விழுந்தது. வாயில் மண் போனது. கல்லைப் பார்க்க அன்றும் வந்து, கரையில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஜன்னத்துல் ஃபிர்தௌஸை நோக்கி ஒருவன் கல்லெறிந்தான். புருவம் கிழிந்து அவர் முக்காடு சிவந்துபோனது. அவர் உட்கார்ந்துவிட்டார். ஆனால் போனைக் கீழே போடவில்லை.

பிறகு அவர்கள் மாரியை விட்டுவிட்டுக் கல்லிடம் போனார்கள். ராஜபாண்டி சம்மட்டியை வாங்கி ஓங்கி அடித்தான். முதல் அடியில் அந்த வீரனின் முகம் போனது. இரண்டாவது அடியில் எழுத்து பிளந்தது.

மாரி தவழ்ந்து கேபினுக்குள் ஏறினான். வண்டி அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணில் ரத்தம் வழிந்து மறைத்தது, மறுகண் நன்றாகத் தெரிந்தது. வலக்கையால் லீவரை இழுத்தான். பக்கெட் சுழன்று இறங்கி ராஜபாண்டியின் வலது காலைக் கல்லோடு சேர்த்து நெருக்கியது. மண் எது, பாறை எது, வேர் எது என்று லீவரில் கை வைத்தாலே சொல்லிவிடுவான் மாரி. மனித எலும்பு எப்படியிருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டான். ராஜபாண்டி போட்ட அலறலில் கரையில் மேய்ந்த ஆடுகள் சிதறி ஓடின.

அதற்குப் பின் நடந்ததை ஊரார் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். மாரியை வெளியே இழுத்து மயங்கும்வரை அடித்தார்கள். தெற்குத்தெருப் பெண்கள் உலக்கையோடும் விளக்குமாற்றோடும் ஓடி வந்தார்கள். மத்தியானத்துக்குள் மூன்று கூரைகள் எரிந்தன. சோணைமுத்து எரிகிற வீட்டுக்குள் நுழைந்து கன்றுக்குட்டியை இழுத்து வந்ததில் இரண்டு கைகளும் வெந்துபோயின. போலீஸ் வந்தபோது கல் இருபது துண்டாகக் கிடந்தது. தெற்குத்தெருவில் பதினான்கு பேர்மீதும் மேலத்தெருவில் ஆறு பேர்மீதும் வழக்குப் போட்டார்கள். கல்லுக்கு வழக்கு இல்லை. கோட்டைச்சாமியும் வழக்கில் இல்லை. அவர் அந்த நேரத்தில் கோவிலில் பூசையில் இருந்தாராம்.

ராஜபாண்டியின் காலை மதுரையில் முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். மாரி ஜெயிலில் தொண்ணூற்றேழு நாள் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். தோள் சரியாகக் கூடவில்லை. அதைவிட, தூக்கத்தில் வலது கை லீவரை இழுத்தது. ஒவ்வொரு இரவும் நாகஜோதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே படுத்தாள். கும்பாபிஷேகம் குறித்த நாளில் போலீஸ் காவலோடு நடந்தது. வளைவும் எழுந்தது. பெயர் எழுதத்தான் அதிகாரிகள் அனுமதி தரவில்லை.

வழக்கு ஐந்து வருஷம் நடந்தது. வண்டி தானாகச் சறுக்கியது என்று சொல், விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார். கூண்டில் ஏறியதும் மாரியால் அதைச் சொல்ல முடியவில்லை.

"நாந்தான் இழுத்தேன். அவன் நிக்கிறது தெரிஞ்சுதான் இழுத்தேன்."

வக்கீல் ஃபைலை மூடி வைத்துவிட்டார். ராஜபாண்டியைக் கூப்பிட்டார்கள். எல்லாவற்றையும் மறுத்துவிடு என்று அவனுக்கும் வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார். அவன் கட்டைக்காலைச் சரிசெய்து நின்று, மாரியைப் பார்க்காமலேயே, கடப்பாரையால் முதலில் அடித்தது தான்தான் என்றும் கல்லை உடைக்கச் சொன்னது தன் அப்பா என்றும் சொன்னான். அப்பா பெயரைச் சொன்னது குறிப்பில் ஏறியது, தீர்ப்பில் ஏறவில்லை. மாரிக்கு மூன்று வருஷம். ராஜபாண்டிக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் இரண்டு வருஷம். மற்றவர்களுக்கு விடுதலை. மேல்முறையீட்டுக்குப் போக இரண்டு தெருவிலும் யாருக்கும் தெம்பு மிச்சமில்லை.

மதுரை ஜெயிலுக்குப் போகும் வேனில் நாலு பேரையும் ஒன்றாக ஏற்றினார்கள். படி உயரம். ராஜபாண்டி தடுமாறினான். முதலில் ஏறியிருந்த மாரி விலங்கு போட்ட கையை நீட்டினான். ராஜபாண்டி அதை ஓங்கித் தட்டிவிட்டான். விலங்கு மணிக்கட்டில் வெட்டி ரத்தம் வந்தது. அவன் பின்புறத்தால் நகர்ந்து தானாகவே ஏறி எதிர்ப்பலகையில் உட்கார்ந்தான். வெகுநேரம் மூச்சு வாங்கியது அவனுக்கு.

ஏட்டு பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகப் பெயரும் ஊரும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

"ராஜபாண்டி. ஊத்திராப்பட்டி."

சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்தது என்ன என்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டான். அடுத்து மாரியிடம் கேட்டார். உதிரப்பட்டி என்று சொல்ல வேண்டுமென்று தீர்ப்பு வந்ததிலிருந்தே நினைத்திருந்தான். அவனுக்கும் பழகிய பெயர்தான் வந்தது. ஏட்டு இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரே ஊரா?"

வேன் பந்தல்குடி ரோட்டைக் கடந்து நாற்கரச் சாலையில் ஏறி மதுரைப் பக்கம் திரும்பியது.