ஓரத்தில் ஒரு முழங்கை

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'வர்ணனை அக்கா' என்று பெயர். நிறுவனத்தின் இணையதளத்தில் வரும் படங்களுக்கு மாற்று உரை எழுதுகிறவர் அவர்தான். பார்வையில்லாதவர்கள் பக்கத்தைத் திறந்தால், படம் இருக்கும் இடத்தில் அவர்களுடைய கணினி அக்கா எழுதிய வரியை வாய்விட்டுப் படிக்கும். வெறும் அலங்காரப் படம் என்றால் அக்கா காலியாக விடுவார். கணினி அதைத் தாண்டிப் போய்விடும்.

பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் படம் பார்ப்பார். வீட்டிலும் இந்தப் புத்தி போகாது. வேலைக்குக் கிளம்பும் வீட்டுக்காரர் "எப்படி இருக்கேன்?" என்று கேட்டால், "நீலச் சட்டை, மூணாவது பட்டனைக் காணோம்" என்பாராம். அந்த மனுஷன் கேட்பதையே விட்டுவிட்டார். நான் அதே அறையில் பக்கங்களை வடிவமைக்கிறவன். இல்லாத அழகைக் கொண்டுவருவது என் பிழைப்பு. ஆகவே எங்களுக்குள் எப்போதும் ஒரு உரசல் உண்டு.

ஆண்டறிக்கைப் பக்கத்தின் உச்சியில் வைக்க ஒரு படம் வேண்டும் என்றார்கள். நானே எடுத்தேன். இடம் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்ததால் ஓரங்களை வெட்டினேன். அவசரத்தில் அதே பெயரில் சேமித்துவிட்டேன், கேமராவிலும் அழித்தாயிற்று. உச்சியில் வரும் படமெல்லாம் அலங்காரக் கணக்கு என்பது எங்கள் வழக்கம். அக்காவும் பழக்க தோஷத்தில் சரியாகப் பார்க்காமல் காலியாக விட்டார்.

மறுநாள் வரவேற்பறையில் தொலைபேசி எடுக்கும் அம்மா அக்காவை அழைத்தார். அந்த அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது.

"அந்தப் படத்துல நானும் நின்னேனே அக்கா. கம்ப்யூட்டர் அங்க வாயே தெறக்க மாட்டேங்குது. எம்பொண்ணு பாத்துட்டு, ரொம்ப அழகா இருக்கேம்மான்னு சொன்னா. நீங்க ஒரு வரி எழுதினா நானும் கேட்டுக்குவேன். இருபத்தெட்டு வருஷத்துல இங்க என்னைப் படம் எடுத்தது இதான் மொதல் தடவை."

அக்கா படத்தைத் திறந்தார். நாலு மேலாளர்கள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இடது ஓரத்தில் ஒரு முழங்கை. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"முழுசு இருக்கா?"

"இல்லக்கா, போச்சு. 'ஓரத்தில் ஒரு பெண் சிரிக்கிறார்'னு எழுதிடுங்களேன். பொண்ணே அப்படித்தான சொல்லியிருக்கு? யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"பொண்ணு பாசத்துல சொன்னா. நான் பொய் எழுதினா, அப்புறம் நான் எழுதுற எந்த வரிய அவங்க நம்புவாங்க?" என்றார் அக்கா. அந்த ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

பிறகு அந்த அம்மாவை அழைத்து, "இப்ப கேட்டுப் பாருங்க" என்று சொல்லி ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் கணினி படித்தது: "நான்கு மேலாளர்கள் சிரிக்கிறார்கள். இடது ஓரத்தில் ஐந்தாவது நபரின் முழங்கை மட்டும் தெரிகிறது. மீதி வெட்டப்பட்டிருக்கிறது."

"அவ்வளவுதானா அக்கா?"

"அவ்வளவுதாங்க."

"வெட்டினது நான்தாம்மா," என்றேன். "தப்புதான். மன்னிச்சிடுங்க." இதைச் சொல்வதற்குள் வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"பொண்ணு கொஞ்சம் தயங்கித்தான் சொன்னா," என்றார் அந்த அம்மா. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அந்தக் கை என்ன கலர்?"

"பச்சை. கம்பளி ஸ்வெட்டர் மாதிரி இருக்கு," என்றார் அக்கா.

"அப்ப அது நான்தான். அன்னிக்குப் பச்சை ஸ்வெட்டர்னு சொல்லித்தான் பொண்ணு எடுத்துக் கொடுத்தா. ஐந்தாவது நபர்னு எதுக்கு மொட்டையா? எம்பேரப் போட்டு எழுதுங்க. என் கைதான அது?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வரியைத் திருத்தினார். மேலாளர்களை 'நான்கு மேலாளர்கள்' என்றே விட்டுவிட்டார். அந்த வரியில் பெயரோடு இருப்பது இப்போது அந்த அம்மா ஒருவர்தான்.