ஞானசௌந்தரி நின்ன தண்ணி

எங்க அக்கா ஞானசௌந்தரி சாகறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு சத்தியம் வாங்கிட்டா. தன்னைக் கொன்னது எந்தத் தண்ணின்னு அவ புருஷன் முத்தையனுக்குத் தெரியவே கூடாதாம். இந்த அல்லிக்கு வாய் சும்மா இருக்காதுன்னு ஊருக்கே தெரியும். போயும் போயும் என்கிட்ட வாங்கினா பாருங்க.

போலகத்துல அவங்களுக்கு ஆறு மா நிலம், ரெண்டு ஏக்கர். பிள்ளை கிடையாது. ஊரே நேரடி விதைப்புக்கு மாறியும் அக்கா மட்டும் நாத்து விட்டுக் கைநடவுதான். "விதையைத் தூவிட்டு வீட்டுல போய்ப் படுத்துக்கறதுக்கு இது என்ன லாட்டரியா?"ன்னு கேப்பா. நடவுல நான் இடுப்பைப் பிடிச்சு நின்னா, "மகாராணிக்குப் பல்லக்கு சொல்லட்டுமா?"ன்னு நக்கல் வேற. வருஷா வருஷம் விரலிடுக்குல சேத்துப்புண் வரும். மருதாணி அரைச்சுப் பூசுவா. அதுக்கும் ஆறலைன்னா மெடிக்கல்ல நாலு மாத்திரை. ரெண்டு போட்டு வலி விட்டதும் மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வெச்சுப்பா. நான் மட்டும் என்ன, நானும் அப்படித்தான்.

போன வருஷம் மேட்டூர் திறந்தும் எங்க கடைமடைக்குத் தண்ணி எட்டிப் பாக்கல. நாத்து நுனி கருகுது. வயலை ஒட்டி ஒரு வடிகால் ஓடுது. மேல இருக்கற ஒரு சின்ன ஆஸ்பத்திரியோட கழிவும் எங்க தெரு கக்கூஸ் தண்ணியும் அதுலதான் விழும். "தண்ணி இறைக்கற எஞ்சினை அதுல இறக்குங்க"ன்னு அக்கா சொன்னா. "நாத்தம் குடலைப் புடுங்குது, வேணாம்"னாரு அத்தான். மூணு நாள் நச்சரிச்சா. நாலாம் நாள் இறக்கினாரு. நாத்து கருகருன்னு எழும்பி வந்துச்சு. அக்காவுக்குப் பெருமை தாங்கல.

நடவு முடிஞ்ச நாலாம் நாள் அவ கால் வீங்கிச்சு. எடுத்து வெச்ச பழைய மாத்திரையைப் போட்டா. முட்டி வரைக்கும் சிவந்து, குளிர் ஜுரம் தூக்கிப் போட்டப்புறம்தான் காரைக்காலுக்குக் கொண்டு போனோம். ஊசி மேல ஊசி. ஒண்ணும் கேக்கல.

டாக்டர் பிரதீபாவுக்குச் சின்ன வயசு. அத்தான் மருந்து வாங்கப் போயிருந்த நேரம் பாத்து, எந்தத் தண்ணியில நின்னாங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். "நாம முழுங்கற மருந்துல நிறைய, சிறுநீரோட சாக்கடைக்குத்தாங்க போகுது. அதுலயே கிடந்து மருந்துக்குப் பழகின கிருமி, புண் வழியா ஏறியிருக்கலாம். சோதிச்ச எதுக்கும் அது அடங்கல. இன்னும் ஒரே ஒரு மருந்து இருக்கு, பாக்கலாம்"னாங்க. நல்ல பொண்ணு, கண்ணு கலங்கியிருந்துச்சு.

கட்டில்ல அக்கா கண்ணை மூடிக்கிட்டே எல்லாத்தையும் கேட்டிருக்கா. டாக்டர் நகர்ந்ததும் என் கையைப் புடிச்சா. "அல்லி, உங்கத்தானுக்கு இது தெரிய வேணாம்டி. தானே தண்ணி இறைச்சு என்னைக் கொன்னுட்டோம்னு அந்த மனுஷன் குமைஞ்சே போயிடுவாரு. சத்தியம் பண்ணு." பண்ணேன். பதினோராம் நாள் போயிட்டா. நாப்பத்தாறு வயசு. அடிப் பாவி, அப்பவும் அவருக்காகத்தான் பயந்தா.

இந்த வருஷமும் ஆவணி பொறந்தும் தண்ணி வரல. அத்தானுக்கு இப்ப என் வீட்டுச் சோறுதான். அன்னிக்குச் சோறு எடுத்துக்கிட்டு வயலுக்குப் போறேன், வடிகால்ல எஞ்சின் ஓடுது. அத்தான் முழங்கால் தண்ணியில நிக்கறாரு. ஏறி வாங்கன்னு கத்தினேன். கரையேறினதும் காலைப் பாத்தா, விரலிடுக்கெல்லாம் வெள்ளையா வெந்து கிடக்கு.

"இதுல இறங்காதீங்க அத்தான்."

"ஏன்? போன வருஷம் இதுலதானே நாத்தைத் தேத்தினோம். உங்கக்கா யோசனையாச்சே"ன்னு சிரிக்கறாரு.

சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது, இன்னொரு சாவை என்னால தாங்க முடியாது. எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

அவரு போய் எஞ்சினை நிறுத்தினாரு. "அப்ப நான்தானா?"ன்னாரு.

"ஐயோ, அவதானே அத்தான் இறக்கச் சொன்னா!"

"அவ சொல்லுவா அல்லி. எனக்கு நாத்தம் தெரிஞ்சுச்சே. மாட்டேன்னு நான்தானே நின்னிருக்கணும்."

மறுநாளே இழுத்துக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டினேன். ஒரு வேளை விடாம மாத்திரை குடுத்தேன். கால் ஆறிடுச்சு. நாத்து காஞ்சு போச்சு, போனாப் போகட்டும். ஆனா அதுவரைக்கும், அக்கா செத்தப்புறமும்கூட, அவ பேரைச் சொல்லாம அவருக்குச் சோறு இறங்காது. சௌந்தரி இப்படிச் சொன்னா, அப்படித் திட்டினான்னு என் பிள்ளைங்களைச் சிரிக்க வெப்பாரு. நான் கொட்டின அன்னியிலேருந்து அந்தப் பேரு அவரு வாயில வரவே இல்ல.