கார்ட்டூனில் ஏன் அம்மா இருப்பதில்லை

முறுக்கைக் கடித்துக்கொண்டே என் மகள் கேட்டாள், "ம்மா, நீ எப்ப சாவே?"

டிவியில் ஒரு கரடிக்குட்டி படம் ஓடிக்கொண்டிருந்தது. தாய்க்கரடி அப்போதுதான் பனிப்பிளவில் விழுந்து காணாமல் போயிருந்தது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன்.

"ஏண்டி இப்படிக் கேக்குறே? யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலம்மா. எல்லாப் படத்துலயும் அம்மா முதல்லயே செத்துடுது. அப்பறம்தான் குட்டி ஊரெல்லாம் சுத்திப் பாக்குது. நீதான் இருக்கியே. எங்க டூர் விடப்போறே?"

விஷயம் அதுதான். நாலாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் சுற்றுலா கூட்டிப்போகிறார்கள். பூவத்தைத் தாண்டி, தரங்கம்பாடியைத் தாண்டி, காவிரி கடலில் சேருகிற ஊருக்கு. காலையில் பஸ் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடும். வாட்ஸ்அப் குழுவில் டீச்சர் கேட்டிருந்தார்கள். மற்ற அம்மாக்கள் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள், நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

எனக்குப் பயம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான். இதில் பஸ், பாலம், கடைசியில் கடல் வேறு. திருவேட்டக்குடிக்கு இந்தப் பக்கம் வயல் வைத்திருக்கிற குடும்பம் எங்களுடையது. கடலுக்கும் எங்களுக்கும் தொழில் கிடையாது. ஆனாலும் காற்று நின்ற பொழுதில் அலைச் சத்தம் அடுப்படி வரைக்கும் வரும். அந்தக் கடல் ஒரு நாள் ஊருக்குள்ளேயே வந்ததையும் பார்த்தவர்கள்தானே நாங்கள்.

என்றாலும் அவள் கேட்டது என்னை விடவில்லை. அது நிஜம்தானா? சிறுபிள்ளை சும்மா சொல்கிறாளா? மறுநாளிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு அவளோடு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். ஒரு அணில் படம். அதில் அம்மா சுவரில் போட்டோவாகத் தொங்கினாள், மாலைதான் போடவில்லை. ஒரு சிறுமி அப்பாவோடு கலங்கரை விளக்கத்தில் இருந்தாள். அம்மா என்று ஒருத்தி இருந்ததாகவே யாரும் பேசவில்லை. திமிங்கிலக்குட்டி படத்தில் தாய்த் திமிங்கிலம் தாலாட்டுப் பாடியது. பாட ஆரம்பித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இது தேறாது" என்றேன்.

"சொல்லாதம்மா!" என்று என் வாயைப் பொத்தினாள்.

தேறவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பொம்மைப் படத்துக்கெல்லாமா பிரஷரை ஏத்திக்குவே?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகிற ஆள் என் நாத்தனார், அவருடைய தங்கை. காரைக்காலில் எம்.ஏ. தமிழ் படிக்கிறாள். துணி மடிக்கிற சாக்கில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, நீ படிக்கிற பழைய கதையிலயெல்லாம் அம்மா உயிரோட இருக்காளா?"

"என்ன அண்ணி, எனக்குப் பரீட்சை வைக்கிறீங்களா?"

"சும்மா சொல்லேன்."

யோசித்துச் சொன்னாள். "பொறந்த புள்ளைய பெட்டியில வச்சு ஆத்துல விட்ட அம்மா இருக்கா. மகன் காட்டுக்குப் போனப்ப அரண்மனையிலயே அழுதுகிட்டுக் கெடந்த அம்மா இருக்கா. யாரும் சாகல. ஆனா கதை புள்ள பின்னாடி போயிடும். அம்மா அங்கயே நிப்பா."

"ஏன் அப்படி? அம்மாவும் கூடப் போனா என்ன?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க கூடப் போறதா நெனச்சுப் பாருங்க அண்ணி. காட்டு வழியில நிறுத்தி, ஸ்வெட்டர் போட்டியா, தண்ணி கொதிக்க வச்சதான்னு கேப்பீங்க. அரக்கன் வந்தா அவன்கிட்டயும், ஏம்ப்பா மழையில நனையிறேன்னு கேப்பீங்க. அப்பறம் சண்டை எங்கேருந்து நடக்கும்?"

நானும் சிரித்தேன். அடுத்த துணியை மடிக்கும்போதுதான் அது உள்ளே போய்த் தைத்தது. நான் எட்டாவதோடு நின்றவள். ஒன்பதாவதுக்குக் கொட்டுச்சேரிக்கு பஸ் ஏற வேண்டும். எங்கள் அம்மா பயந்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, பஸ்ஸில் கூட்டமாக இருக்குமே என்று மட்டும் சொன்னார்கள். அம்மா இருந்ததால்தான் நின்றுபோனேன் என்று எழுதினால் அது பாவம். ஆனால் எனக்குக் கதையென்று ஒன்று கிளம்பவே இல்லை என்பதும் உண்மைதான்.

என் முகம் மாறியதைப் பார்த்து நாத்தனார் பேச்சை மாற்றப் பார்த்தாள். "அண்ணி, கார்ட்டூனுக்குன்னே எழுதின மாதிரி ஒண்ணு இருக்கு, கேளுங்க. ஒரு பொண்ணு பூப்பறிக்கத் தோட்டத்துக்குப் போறா. கடல் தெய்வம் வந்து அவளைத் தூக்கத்துல அப்படியே தூக்கிட்டுப் போயி ஒரு தீவுல வச்சிடுது. கண்ணு முழிச்சா மணலும் அலையும்தான். அங்க அவளுக்குப் போன பிறவி ஞாபகமெல்லாம் வருது. ஆகாயத்துல பறக்க, உருவம் மாற மந்திரம் கத்துக்குறா. குளத்துலேருந்து ஒரு பாத்திரம் மேல வருது. எவ்வளவு சோறு போட்டாலும் தீரவே தீராத பாத்திரம்."

கேட்டுக்கொண்டே இருந்தேன். பறக்கிறாள், உருவம் மாறுகிறாள், தீராத சோறு. என் மகள் பார்க்கிற படங்களில் இருப்பதெல்லாம் இருக்கிறதே! இத்தனை காலத்துக்கு முன்னால் யார் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்தார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது.

"எந்த ஊருல நடக்குது இது?"

"அதான் அண்ணி, நம்ம பாப்பா டூர் போகுதே, அதே..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கடல் ஒரு பெண்பிள்ளையைத் தூக்கிப்போன அதே ஊர்!

"கதை அண்ணி, கதை!"

"அவ அம்மா? உயிரோட இருந்தாளா?"

"இருந்தாங்க. பொண்ணக் காணுமேன்னு தவிச்சுக்கிட்டு."

"என்ன பண்ணாங்க அப்ப?"

"தவிச்சாங்க. அவ்வளவுதான் இருக்கு."

"சாப்பிட்டாளா? தூங்குனாளா? தேடிப் போனாளா?"

"அத யாரு அண்ணி எழுதுவாங்க?"

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. அவளுடைய புத்தகத்தை வாங்கி உரையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். செய்யுள் எனக்குப் பிடிபடாது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு பொழுது ஆயிற்று. அம்மாவுக்குக் கிடைத்தது கொஞ்சம் வரிகள்தான். தீவைப் பற்றியும் மந்திரத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆனால் மகள் வானத்திலிருந்து இறங்கி வந்து நின்றது அந்த அம்மா முன்னால். நடந்ததையெல்லாம் அங்கேதான் சொல்கிறாள்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. சரியோ தப்போ தெரியவில்லை. கார்ட்டூன் எடுக்கிறவர்கள் அம்மாவைக் கொன்றுவிடுவது அவர்களுக்கு வசதி. வீட்டில் ஒருத்தி தவித்துக்கொண்டிருந்தால் குட்டி ஆடிப்பாடுவதை யார் ரசிப்பார்கள்? பழைய கதைக்காரருக்கு அந்த வசதி தேவைப்படவில்லை. தவிக்கிறவளைத் தவிக்கவே விட்டுவிட்டார். கொடுமைதான். ஆனால் வந்தவுடன் கதை சொல்ல ஒரு ஆள் வீட்டில் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனை எடுத்தேன். கட்டைவிரலை அழுத்தப் போய் பதற்றத்தில் அழுகிற முகத்தில் விரல் பட்டுவிட்டது. உடனே டீச்சர் குரல் பதிவு அனுப்பினார்கள். "மேடம், என்னாச்சுங்க? எதாவது பிரச்சனையா?"

"ஒண்ணுமில்லீங்க டீச்சர், வருவா, வருவா" என்று நானும் பேசி அனுப்பினேன். குழுவில் எல்லாரும் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும்.

சுற்றுலா அன்று பையில் தண்ணீர் பாட்டில், புளிசாதம், வாந்தி வந்தால் வைத்துக்கொள்ள எலுமிச்சம்பழம், மாற்றுச் சட்டை எல்லாம் வைத்தேன். ஒரு விசிலும் வைத்தேன். அதை மட்டும் அவள் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

"தண்ணிகிட்ட போகாதே."

"சரி."

"டீச்சர் கையப் புடிச்சுக்க."

"டீச்சருக்கு ரெண்டு கைதாம்மா இருக்கு."

பஸ் போய்விட்டது.

அன்றைக்கு நான் செய்ததை யாரும் எழுதமாட்டார்கள் என்பதால் நானே எழுதுகிறேன். அரிசியை இரண்டு தடவை களைந்தேன். களைந்ததை அடுப்பில் வைக்க மறந்தேன். செய்தி பார்த்தேன், விபத்து எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அணைத்தேன், மறுபடி போட்டேன். வீட்டுக்காரர் மத்தியானம் சாப்பிட வந்து, சோறு இல்லாததைப் பார்த்துவிட்டு, கொட்டுச்சேரிக்குப் போய் ரெண்டு பேருக்கும் புரோட்டா வாங்கி வந்தார். நடுவில் ஒரு கொஞ்ச நேரம், அந்தப் பெண் பறந்தாளே, எவ்வளவு உயரத்தில் பறந்திருப்பாள், கீழே பார்த்தால் எங்கள் வயல் தெரிந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் மட்டும் பயம் இல்லை. பயமில்லை என்று தெரிந்ததும் திரும்ப வந்துவிட்டது.

பஸ் இருட்டுகிற நேரத்தில் வந்தது. தலை கலைந்து, சட்டையெல்லாம் புளிசாதத்தோடு இறங்கினாள். என்னைப் பார்த்ததும் முகம் கோணியது.

"ம்மா, அங்க ஒண்ணுமே நடக்கல."

"கடல் பாத்தியா?"

"தூரத்துலேருந்து. கயிறு கட்டி நிறுத்திட்டாங்க. நம்ம கடல் மாதிரியேதான் இருக்கு. வர்றப்ப பஸ்ல வாந்தி எடுத்தேன், அவ்வளவுதான்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குனிந்து அவள் காலிலிருந்த மணலைத் தட்டிவிட்டேன். அவளுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"நீ அவ்ளோ பயந்தியேம்மா. அதுக்காச்சும் எதாவது நடந்திருக்கலாம்."

"சரி, வாந்திக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? முதல்லேருந்து சொல்லு" என்றேன்.