ஞானதாஸ் சாரும் பாக்கியத்தின் கோழிகளும்

போன செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்து வீட்டுக்காரர் குப்பைக்குத் தீ வைத்த அதே நேரத்தில், என் கைபேசியில் ஞானதாஸ் சாரின் பெயர் வந்தது. அடடா, நாகர்கோவிலின் மறுகோடியில் இருந்துகொண்டே மோப்பம் பிடித்துவிட்டாரே என்று சிரித்தபடி எடுத்தேன். பேசியது அவர் மகள்.

"அங்கிள், அப்பா போயிட்டாவ."

கல்லூரி வேதியியல் துறையில் என்னோடு வேலை பார்த்தவர் சார். பிளாஸ்டிக்கை எரித்தால் டயாக்சின் என்ற நஞ்சு பிறக்கும்; மண்ணில் இறங்கினால் லேசில் அழியாது; மண்ணைக் கிளறும் கோழி வழியாக முட்டைக்கு வந்துவிடும். இதைக் கண்காணிக்க ஊர் ஊராக நாட்டுக்கோழி முட்டை வாங்கி, வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுக்குப் போகும்போது புகை தெரிந்தாலும் ஸ்கூட்டர் நின்றுவிடும். பின்னால் பட்டுச்சேலையில் இருக்கும் அவர் மனைவி ரூத் அக்கா, "நீங்க தீய அணைச்சிட்டு வாங்க, நான் பஸ்ல போறேன்" என்று இறங்கிவிடுவார்.

சாரின் தெருக்கோடியில் கோழி வளர்க்கும் பாக்கியம்தான் அவருக்குப் பரம எதிரி. மாலையானால் பிளாஸ்டிக் பைகளைக் கூட்டிக் கொளுத்திவிடுவார். "நம்ம தெரு ஒண்ணு எரிக்காம இருந்தாப் போதும்வே, நான் நிம்மதியா கண்ண மூடுவேன்" என்பார் சார் என்னிடம். பாக்கியமோ, "சாரே, முட்டைக்குக் காசு தந்தாச்சுல்லா? கோழி என்ன தின்னுச்சுன்னு கேக்க நீரு யாரு?" என்பார்.

ஒருமுறை துறையின் ஃபிரிட்ஜ் பழுதாகிவிட, பாக்கியத்திடம் வாங்கிய முட்டைகளைச் சார் தம் வீட்டில் வைத்தார். அன்று மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அக்கா ஆப்பமும் முட்டைக்கறியும் பரிமாறினார். நானும் இலை முன்னால் இருந்தேன். சார் கறியைப் பார்த்தார், ஓடிப்போய் ஃபிரிட்ஜைத் திறந்தார், முகம் வெளுத்துத் திரும்பி வந்தார்.

"மன்னிக்கணும், அது ஆய்வு முட்டை. தின்னாதீங்க."

எல்லார் கையும் அப்படியே நின்றது. மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: "தின்னா செத்துருவோமா?"

"ஒரு முட்டைல ஒண்ணும் ஆவாது. வருஷக்கணக்கா தின்னாத்தான் கேடு."

"அப்படின்னா இன்னொரு முட்டை வையுங்க" என்றார் அந்த மகராசன். கல்யாணம் நடந்தது. ஆனால் முட்டை போன கோபத்தில் சார் ஒரு வாரம் அக்காவிடம் பேசவில்லை.

மறுபடி வாங்கி அனுப்பிய முட்டைகளின் முடிவு பின்னர் வந்தது. அனுமதித்த அளவைவிட நஞ்சு அதிகம். பாக்கியம் தன் பேரப்பிள்ளைக்குத் தினமும் முட்டை அவித்துக் கொடுக்கிறவர் ஆயிற்றே என்று பதறி, அவரிடமே போய்ச் சொன்னார் சார். பாக்கியம் வாயில் வந்தபடி ஏசி அனுப்பினார். அன்று மாலையும் புகை வந்தது. சார் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பினோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர் படுத்திருந்த ஃபோம் மெத்தையையும் பிளாஸ்டிக் பாயையும் எரிப்பதற்காகத் தெருக்கோடிக்கு இழுத்துப்போனார்கள். உறவுக்காரர் ஒருவர் தீப்பெட்டியை எடுத்தார். சாவு வீட்டில் நின்று டயாக்சின் என்று எப்படிப் பேசுவது?

வாளித் தண்ணீரோடு பாக்கியம் வந்தார். மெத்தைமேல் மொத்தமாகக் கவிழ்த்தார்.

"ஏலே, தீப்பெட்டியக் கீழ போடு! உயிரோட இருந்தவரைக்கும் அந்த மனுசன் பேச்ச நான் கேக்கல. இப்பம் அவரு மெத்தையவே கொளுத்தி எங்கோழிக்குப் போடுவியா?"

சொல்லிவிட்டு அந்த ஈர மெத்தையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

சார், உங்கள் மெத்தை இன்னும் தெருக்கோடியில்தான் காய்கிறது. அதை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பாக்கியத்தின் கோழிகள் அதன்மேல் ஏறி நிற்கின்றன. இன்று மாலையும் போய்ப் பார்த்தேன், புகை இல்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளலாம்.