கடித்தால் கடலை

ஒரு கைப்பிடி அளவுகூட இல்லாத ஹாம்ஸ்டர் எலிக்கு நான் லஞ்சம் கொடுத்திருக்கிறேன். அது லஞ்சம் என்று தெரியாமலேயே கொடுத்ததுதான் என் முட்டாள்தனத்தின் சிறப்பு.

மகள் வளர்க்கும் அந்த எலியின் கூண்டு தறிக்குப் பக்கத்தில் இருந்தது. கரையைத் தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். மனைவி நெய்வாள், நான் ஓரத்தில் கரை நூல் சுற்றிய நாடாவை எறிவேன். எலி கம்பியைக் கடித்தால், பல் போய்விடுமே என்று எழுந்து ஓடுவேன். தறி நின்றுவிடும்.

"இந்த வாரத்துக்குள்ள அது கடிக்கிறத நிறுத்தலன்னா, முசரவாக்கத்துல எங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடுவேன்," என்றாள் மனைவி. மகள் அழுதாள். பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

கம்பியில் வேப்பெண்ணெய் தடவினேன், ருசித்துக் கடித்தது. பிறகு, கடிக்கும்போதெல்லாம் ஒரு வேர்க்கடலையை நீட்டினேன். உடனே அமைதி. மீசையை முறுக்கிக்கொண்டேன். இரண்டே நாளில் காலையிலிருந்து மாலைவரை கடிக்க ஆரம்பித்தது.

"கடிச்சா கடலை வரும்னு நீதாம்பா அதுக்குக் கத்துக் குடுத்துக்கினு இருக்கிற!" என்றாள் மகள்.

ஃபைலை நகர்த்தாமல் இருந்தால்தான் கையில் ஏதாவது வைப்பார்கள் என்ற அரசு அலுவலக ரகசியம் அந்த எலிக்கு அவ்வளவு சீக்கிரம் பிடிபட்டிருந்தது.

மகளே எலியை, கம்பியே இல்லாத ஆழமான பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றினாள். உள்ளே நிறைய மரச்சீவலைக் கொட்டி, அதற்குள் கடலையை ஒளித்து வைத்தாள். அது தோண்டிக்கொண்டே கிடந்தது. தறியும் நிற்காமல் ஓடியது.

வாரக் கடைசியில் மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன். "இப்பதான் சத்தமே இல்லையே, இங்கயே வெச்சிக்கலாமா?"

"அது இங்கயே இருக்கட்டும், நீதான் அந்தப் பக்கம் போகாத."