துண்டுக்குள் நின்ற கை

மதுவிலக்குக் காலம் அது. நானும் அண்ணனும் அய்யலூர் ஆட்டுச் சந்தையில் தரகர்கள். அங்கே விலையை வாயால் சொல்வதில்லை; கைகள் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம்.

வீட்டில் அண்ணனுக்குக் கை ஓயாமல் ஆடும். சந்தையன்று மட்டும் அசையாது. போகும் வழியில் திண்டுக்கல்லில் இறங்கிவிட்டு, அடுத்த பஸ்ஸில் வருவார். வந்ததும் நாக்கு வறண்டு செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார். எனக்குச் சந்தேகம் தட்டியது. குடிகாரனுக்குத்தானே உள்ளே ஊற்றினால் கை நிற்கும்?

ஒரு வியாழக்கிழமைச் சந்தைக்குப் போகையில், திண்டுக்கல்லில் இறங்கப்போனவரைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"இன்னைக்கு ஒரு எடத்துக்கும் போக வேணாம்ணே. நேரா சந்தைக்கு வாங்க."

என்னையே பார்த்தவர், துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

சந்தையில் அவர் கை உள்ளே போனதும் துண்டே நடுங்கியது. வியாபாரி கையை உருவிக்கொண்டான்.

"குடிச்சிட்டா வந்திருக்கீக? தெளிஞ்சதும் பேசுவோம்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"நடுக்குவாதம்லே. டாக்டர் ஊசி போட்டாத்தான் கை நிக்கிது. வாயி வறளுறதும் அதாலதான்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"ஊசியில நிக்கிற கைன்னு தெரிஞ்சா எவன் நம்பிப் பிடிப்பான்?"

அடுத்த வியாழன் நானும் கூடவே இறங்கினேன். ஊசி போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் அண்ணன் எங்கள் கைகள் மேல் துண்டைப் போட்டார். உள்ளே என் விரல்களைப் பிடித்தார்.

"நிக்கிதாலே?"

நின்றது. நான்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், வராத பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.