மேஸ்திரியின் வலிக்காத கால்

“...அதுக்காவ, காலத் தூக்கி உங்க மடியில வெக்கோணுங்களா தம்பி? நல்லா இருக்குதுங்க நாயம்! நான் என்னுங்க, பாத பூசை பண்ணிக்கிற சாமியாருங்களா?”

எண்பதுகளில், சேலத்து மலையில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட் டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டராக இருந்தபோது கூலியாட்களை வேலை வாங்குகிற எங்கள் மேஸ்திரி கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டு, இடது காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

படித்துப் பட்டம் வாங்கி வைத்தியத்துக்கு வந்தவனில்லை நான். மலைக்காரர்களின் கால்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். மழை பிடித்தால் சேற்றுப்புண் வரிசை கட்டும். “வெரலிடுக்குல எறும்பு கல்யாணம் நடக்குதுங்க” என்பாள் காபி பறிக்கிற ஒருத்தி. மருந்து அப்புறம், முதலில் கழுவு, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடை என்பேன். பாதிப் பேருக்கு அதிலேயே அடங்கிவிடும். பனிக்காலத்தில் குதிகால் வெடிப்பு. “இதுல கேவுரு வெதைச்சா மொளைக்குமுங்க” என்று அவர்களே சிரிப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, எண்ணெய் தடவச் சொல்வேன். நோவோடு வருகிறவர்களை இப்படி அனுப்பிவிடலாம். நோகாமல் வருகிறவர்களிடம்தான் பயம்.

மேஸ்திரி அப்படித்தான் வந்தார், இருமல் மருந்துக்கு. ஊருக்குப் போன பழைய மேனேஜர் தன் பூட்ஸை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அளவு சின்னது. ஆனாலும் மேனேஜர் பூட்ஸ் அல்லவா, கழற்ற மனம் வருமா? கட்டைவிரலுக்குக் கீழே கால் ஆணி விழுந்தது. மனிதர் பூட்ஸை மாற்றவில்லை, பிளேடால் காலைச் செதுக்கிக்கொண்டார். செதுக்கிய இடத்தில் எருக்கம்பாலும் வைத்தார். அன்று வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவரின் இடது கால், சிமெண்டுத் தரையில் ரத்தமும் சீழுமாகத் தடம் வைத்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

சிறுநீரை வாங்கி நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினேன். செங்கல் நிறத்துக்கு வந்தது. சர்க்கரை. காலை என் மடியில் வைக்கச் சொல்லி நான் முக்காலியில் உட்கார்ந்தபோதுதான் அந்தக் கேள்வி. எஸ்டேட்டே பார்த்து எழுந்து நிற்கிற மனிதர். இன்னொருவர் மடியில் கால் வைப்பது அவருக்குப் பாவம்.

“வலியே இல்லீங்க தம்பி. முன்னயெல்லாம் நொம்ப வலிச்சுது. இப்ப ஆறிப்போச்சு.”

பெஞ்சில் காத்திருந்த பெண்களில் ஒருத்தி சும்மா இருக்கவில்லை. “ஏனுங்க மேஸ்திரி, பொண்ணு பாக்கப் போனப்பக்கூட இத்தன வெக்கப்பட்டிருக்க மாட்டீங்களாட்டம் இருக்குது!”

“நீ கூடையப் பாரு புள்ள!”

நான் வாசலுக்குப் போய் இடது பூட்ஸை எடுத்து வந்து அவர் முன்னால் கவிழ்த்தேன். காய்ந்த காபிக்கொட்டை ஒன்று விழுந்தது, ரத்தம் தோய்ந்து. காலையிலிருந்து அதன்மேல்தான் மேடும் பள்ளமும் நடந்திருக்கிறார்.

“இது உறுத்தலீங்களா மேஸ்திரி?”

குனிந்து பார்த்தார். “ஆறினதால வலி போகலீங்க. காலுக்கு உணர்ச்சியே போயிருச்சு. இப்படியே விட்டா காலே போயிரும்” என்றேன்.

இன்றைக்கு நல்ல மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொண்டு வந்து, “வலி இல்லீங்களே” என்று அதே தைரியத்தோடு சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். சர்க்கரை இருந்தால் தினமும் உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள், செருப்புக்குள் கையை விட்டுத் தடவிவிட்டுப் போடுங்கள், ஆணியை நீங்களே வெட்டாதீர்கள் என்பேன். கேட்கிறவர்கள் கேட்கிறார்கள். மேஸ்திரி கேட்டார். சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போனார், ஊசி போட்டுக்கொண்டார், டாக்டர் சொன்னபடி காலை ஊன்றாமல் வீட்டில் கிடந்தார். காபிப் பழம் சிவக்கிற நேரத்தில் புண் மூடியது. விரல் ஒன்றுகூடப் போகவில்லை.

அத்தனையும் அன்று டிஸ்பென்சரியில் தொடங்கியதுதான். காபிக்கொட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். தெரியாமல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அதை முன்கூட்டியே செய்தார். என் முழங்காலை விரல்களால் தொட்டு இரு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தார்.